பல்லக்கு ஊர்வலமா, பந்தயமா?

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறரை மணிக்கு பெங்களூர் ஹலசூரில் மாமா வீட்டு மாடியில் மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்க உட்கார்ந்தோம். மாமா, நான், சித்தி மகன். அத்தை வறுத்த வேர்க்கடலையைத் தட்டில் கொட்டி வைத்திருந்தார். முதல் சுற்றிலேயே பெரிய மோதல். பெரெஸின் ரெட் புல்லும் இரண்டு ஹாஸ் கார்களும் நொறுங்கி, துண்டு துண்டாகத் தெருவெல்லாம் சிதறின. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். "அக்கா, இன்னைக்கு விருந்துதான்" என்றான் தம்பி.

விருந்தைக் கெடுத்ததே அந்தச் சிவப்புக் கொடிதான். மழையில்லாத பந்தயத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு வகை டயர் போட்டு ஓட வேண்டும் என்று விதி இருந்தது. பந்தயம் நின்றிருக்கும் நேரத்தில் டயரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் விதி இருந்தது. எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். அதோடு கட்டாயக் கணக்கு தீர்ந்தது. முன்னால் போன லெக்லேர் அந்த ஒரே டயரைக் கடைசிவரை காப்பாற்ற மெதுவாக ஓட்டினார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் அதே வேகத்தில் வந்தார்கள். பாதிக்கு மேல் வெர்ஸ்டாப்பன் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றும் இடத்துக்குள் போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டு வந்து, பழைய டயரில் ஓடிய ரஸ்ஸலின் வாலைப் பிடித்தார். பிடித்தாரே தவிர, தாண்ட முடியவில்லை. முதல் பத்து இடத்தில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் முதல் பத்து இடத்தில் முடித்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

நாற்பதாவது சுற்றில் தம்பி எழுந்து போய்விட்டான். மாமா போகவில்லை, ஆனால் வருத்தமாக இருந்தார். "நம்ம பூப்பல்லக்குலகூட ஒரு பல்லக்கு ஓரமா நின்னு இன்னொண்ணுக்கு வழி விடும்மா. இதுல அதுகூட இல்லியே" என்றார். ஹலசூர்க்காரர்களுக்கு இது புரியும். சித்திரையில் ராத்திரி முழுக்க இந்தத் தெருக்களில் பூ அலங்காரப் பல்லக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். வரிசை குலையாமல் வருவதுதான் அதற்கு அழகு. பந்தயம் அப்படி வந்தால் அங்கே என்ன மிச்சம்?

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குறுகிய தெருவில் முந்துவது முடியாத காரியமா? அல்லது முடியாதபடி நாமே ஆக்கி வைத்திருக்கிறோமா? நான் இப்போது இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேத் பட்டறை வைத்திருந்தவர். வாலிபத்தில் ராத்திரி ரயில் பிடித்து மெட்ராஸ் போய், சோழவரத்தில் பந்தயம் பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி ரயிலில் திரும்பி, காலையில் பட்டறையைத் திறப்பார்களாம் அவரும் நண்பர்களும். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அதில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, வளைவுகளைக் குறித்து ஓட்டுவார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்களைப் பற்றி மாமா இன்றைக்கும் ஆசையோடு பேசுவார். எல்லாக் காரிலும் ஒரே மாருதி எஞ்சின். அப்புறம் எப்படி ஒருத்தரை ஒருத்தர் முந்தினார்கள் என்று கேட்டேன்.

"காத்தும்மா. முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சிட்டுப் போறான். பின்னாடி வர்றவன் சும்மா ஒட்டிக்கிட்டு வர்றான். கடைசில பிரேக் போடுற இடத்துல வெளியே வந்து எட்டிப் பார்ப்பான். அவ்ளோதான்."

அவர் சொன்ன மூன்று வரிக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. முந்துவதற்கு முதலில் வேக வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசத்தைக் காட்ட ஓர் இடமும் வேண்டும். ஹலசூர் பஜார் தெருவில் தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆட்டோ எப்படியாவது லாரியைத் தாண்டிவிடும், ஏனென்றால் லாரி மெதுவாகப் போகிறது. அதே தெருவில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு ஆட்டோக்களில் பின்னால் இருப்பது முன்னதை முந்தவே முந்தாது. தெருவின் அகலம் இரண்டு வேளையிலும் ஒன்றுதான்.

பந்தயத்துக்கு இதை அப்படியே எடுத்து வருவோம். முந்தும் இடம் என்பது பெரும்பாலும் நீண்ட நேர்பாதை முடிந்து மெதுவான வளைவு வரும் இடம். நேர்பாதையில் முன்கார் கிழித்த காற்றின் நிழலில் பின்கார் வேகம் சேர்க்கும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரிலிருந்து எண்பதுக்கு இறங்க வேண்டிய இடத்தில், யார் எத்தனை மீட்டர் தள்ளி பிரேக்கை மிதிக்கிறார் என்பதில் விஷயம் முடியும். ஆனால் எல்லாரும் மறந்துபோகும் மூன்றாவது ஒன்று உண்டு. அந்த நேர்பாதைக்கு முந்திய வளைவு. அதில் பின்கார் ஒட்டி வர முடிந்தால்தான் நேர்பாதை உதவும். வேகமான வளைவாக இருந்தால் முன்கார் கலக்கிவிட்ட காற்றில் பின்காரின் இறக்கைகள் வேலை செய்யாது, பிடிமானம் போகும், கார் விலகும், இடைவெளி கூடும். 2021 வரையிலான கார்கள், ஒரு கார் தூரம் பின்னால் வரும்போது, தரையோடு அழுத்தும் விசையில் 46 சதவீதம் வரை இழந்தன என்று ஃபார்முலா ஒன் நிர்வாகமே சொன்னது. 2022 விதிகள் அதை 18 சதவீதத்துக்குக் குறைக்கவே எழுதப்பட்டன.

மொனாக்கோவில் என்ன குறை? ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். மற்ற பந்தயங்களெல்லாம் 305 கிலோமீட்டர் ஓட, இது மட்டும் 78 சுற்றில் சுமார் 260 கிலோமீட்டரோடு முடியும். வேகம் அவ்வளவு குறைவு. தொடக்கக் கோடு இருக்கும் பாதைகூட நேராக இல்லை, வலது பக்கம் வளைந்துகொண்டே போகிறது. உருப்படியான பிரேக் இடம் ஒன்றே ஒன்று. சுரங்கப் பாதையைவிட்டு வெளிச்சத்துக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய இறக்கத்தில் சிக்கேனுக்குத் திரும்பும் இடம். வேகத்தைக் குறைக்க வைக்கும் இரட்டை வளைவுதான் சிக்கேன். அங்கும் பாதை ஒரு பக்கம் சாய்ந்து குலுங்கும்.

கார் பெருத்துவிட்டது, அதுதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 1992இல் காரின் அகலம் 2.15 மீட்டர் வரை இருந்தது. 2017 முதல் 2025 வரை ஓடிய கார்கள் 2 மீட்டர்தான். பெருத்தது நீளமும் எடையும். அன்றைய கார் ஓட்டுநர் இல்லாமல் சுமார் 505 கிலோ. 2024இன் கார் ஓட்டுநரோடு சேர்த்து 798 கிலோ, நீளம் ஐந்தரை மீட்டர். கொண்டை ஊசி மாதிரி மடங்கும் ஹேர்பின் வளைவில் இதைத் திருப்புவது சந்து வீட்டுக்குள் கட்டிலைக் கொண்டுபோவது மாதிரி. இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980களில் ஓட்டுநர் ஒரு கையால் கியரை மாற்றிக்கொண்டே ஓட்டினார். ஒரு சுற்றுக்கு எத்தனையோ முறை. நூறில் ஒரு முறை கியர் விழாமல் போகும், அந்த அரை விநாடியில் பின்கார் பக்கத்தில் வந்து நிற்கும். இன்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையைத் தட்டினால் கியர் மாறுகிறது. தப்பு நடக்கும் வாய்ப்பை இயந்திரமே எடுத்துக்கொண்டுவிட்டது. கார்பன் பிரேக்குகளோ நிற்கும் தூரத்தைச் சுருக்கி, முந்துவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் விழுங்கிவிட்டன.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் உடம்புக்குப் புரிந்தது, கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியை வாடகைக்கு ஓட்டும் ஒரு தடத்தில்தான்.

நகரத்துக்கு வெளியே, ஞாயிறு காலையில் போனால் கூட்டமிருக்காது. தடத்தின் அகலம் இரண்டு கார்ட் தாராளமாகப் போகலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. இரு பக்கமும் சிவப்பு வெள்ளை அடித்த பழைய டயர்களைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். எல்லாக் கார்ட்டும் ஒரே எஞ்சின். தம்பி என்னைவிடப் பன்னிரண்டு கிலோ குறைவு, அதனால் நேர்பாதையில் என்னைவிடக் கொஞ்சம் வேகம். பன்னிரண்டு சுற்றுப் பந்தயத்தில் அவன் முன்னால், நான் பின்னால். வளைவுகளில் நான்தான் வேகம், எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் முன்பம்பர் அவன் பின்பம்பரைத் தொட்டுத் தொட்டு மீண்டது. ஹெல்மெட்டுக்குள் பெட்ரோல் புகையும் என் மூச்சும். கடைசி ஹேர்பினில் உள்பக்கம் நுழையப் பார்ப்பேன், அவன் அதற்கு முன்பே உள்பக்கம் போய்க் கதவைச் சாத்திவிடுவான். எட்டு சுற்று இப்படியே போயின. இறங்கும்போது இருக்கை இடித்து இடித்து என் விலா எலும்பெல்லாம் வலி.

ராத்திரி மாமாவிடம் சொன்னேன். பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு ஹேர்பின் வரைந்தார். "அவன் உள்பக்கம் மூடுறான்ல? மூடட்டும். உள்ளேயே போறவன் சின்ன வட்டத்துல திரும்பணும். சின்ன வட்டம்னா மெதுவாத்தான் திரும்ப முடியும், வெளியே வரும்போது கார்ட் அகலமாப் போயிடும். நீ அவனுக்கு முன்னாடியே பிரேக் போடு. வெளியே நில்லு. அவன் தாண்டிப் போனப்புறம் பெரிய வட்டமாத் திரும்பி, முன்னாடியே ஆக்ஸிலரேட்டரை அழுத்து. அடுத்த வளைவுல நீதான் உள்பக்கம்."

அடுத்த மாதம் அதையே செய்தேன். ஹேர்பினுக்கு முன் அவன் வழக்கம்போல உள்பக்கம் சாய்ந்தான். நான் வழக்கத்தைவிட ஒரு கார்ட் நீளம் முன்னதாகவே பிரேக்கை மிதித்து, வெளி ஓரத்தில் டயர் சுவரை உரசுகிற மாதிரி நின்றேன். அவன் முன்சக்கரங்கள் கீச்சிட்டுக்கொண்டு வெளியே வழுக்குவதைப் பார்த்தேன். அவன் இன்னும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்க, என் ஸ்டியரிங் நேராகிவிட்டது, என் வலது கால் தரைவரை போய்விட்டது. அவன் பின்பக்கத்தைத் தாண்டி, பக்கத்தில் வந்து, அடுத்த இடது வளைவில் நான் உள்ளே இருந்தேன். அவ்வளவுதான், முடிந்தது. இதற்குச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும், ஆனால் என்னால் ஒவ்வொரு கணத்தையும் இன்றைக்கும் சொல்ல முடியும்.

அன்றைக்குத்தான் அகலம் எங்கே வேண்டும் என்பது புரிந்தது. நேர்பாதையில் இல்லை. வளைவின் நுழைவாயிலில் வேண்டும், அங்கே இரண்டு பேர் இரண்டு விதமாகத் திரும்ப இடம் இருந்தால் போதும். தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் கட்டிய புத் சர்வதேச சர்க்யூட்டில், நீண்ட நேர்பாதைக்கு முந்திய மூன்றாவது வளைவின் நுழைவாயிலை இதற்காகவே அகலமாக வைத்தார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயம் நடந்து, மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல் வென்று, அதோடு நின்றுபோனது அந்தப் பந்தயம். அந்த வளைவு ஃபார்முலா ஒன் இல்லாமல் கிடப்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

தெருவில் அது முடியுமா என்று கேட்கலாம். பாகுவைப் பாருங்கள். அஜர்பைஜான் தலைநகரத்தின் பழைய கோட்டைச் சுவரை ஒட்டி, பாதை ஓரிடத்தில் 7.6 மீட்டராகக் குறுகிவிடுகிறது. புதிதாகக் கட்டும் பந்தயப் பாதைக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலம் வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பாகு மொனாக்கோவுக்குத் தம்பியாக இருக்க வேண்டும். ஆனால் கோட்டையைத் தாண்டியதும் கடற்கரைச் சாலையில் கிட்டத்தட்ட 2.2 கிலோமீட்டர் முழு வேகம், அதன் முடிவில் தொண்ணூறு டிகிரி இடது வளைவு. 2017இல் பத்தாவது இடத்தில் கிளம்பிய ரிக்கார்டோ, அந்த முதல் வளைவில் ஒரே பிரேக்கில் பல பேரைத் தாண்டி, கடைசியில் பந்தயத்தையே வென்றார். கோட்டைப் பக்கத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. முந்த வேண்டிய அவசியமும் இல்லை. குறுகிய பகுதி ஓட்டுநரின் நெஞ்சுரத்தைச் சோதிக்கிறது, அகலமான பகுதி அவர் சாமர்த்தியத்தைச் சோதிக்கிறது.

சீனக் கடற்கரையில் இருக்கும் மக்காவ் இதைவிடப் பழைய உதாரணம். 6.12 கிலோமீட்டர். மலைப்பகுதியில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே சில இடங்களில் 7 மீட்டர்தான். மெல்கோ ஹேர்பினில் எப்போதும் மஞ்சள் கொடி, முந்தவே கூடாது என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கடலோர நேர்பாதையின் முடிவில் லிஸ்போவா வளைவில், முதலில் வருவதே நஷ்டம். பின்னால் வருகிறவர் காற்று நிழலில் வந்து தாண்டிவிடுவார். 1990இல் அந்தக் கடலோரப் பாதையில்தான் கடைசிச் சுற்றில் ஷூமாக்கரை முந்தப் போய் ஹாக்கினென் அவர் பின்பக்கத்தில் மோதி நொறுங்கினார்.

இந்த இரண்டு ஊரும் எனக்குச் சொல்வது இதுதான். தெரு முழுக்க அகலப்படுத்தத் தேவையில்லை. ஒரே ஒரு நல்ல இடம் கொடுங்கள், மீதியை ஓட்டுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் நாளும், தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பந்தயம் நடந்தபோது எங்கள் வீட்டில் கொண்டாட்டம். நம் ஊர்த் தெருவில் ஃபார்முலா 4 கார்! 19 வளைவுகள் என்றார்கள். நேப்பியர் பாலத்தைக் கார்கள் தாண்டும்போது மாமா கைதட்டினார். இனி நம் நகரங்களில் யார் தெருப் பந்தயத்துக்கு வரைபடம் போட்டாலும் அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வளைவின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். வேகத்தைக் குறைக்க சிக்கேனுக்கு மேல் சிக்கேன் வைத்தால் கார்கள் ரயில் பெட்டிகளாகிவிடும். பாதுகாப்புக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை வையுங்கள், ஆனால் மிக நீண்ட நேர்பாதையின் முடிவை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். அங்கே ஒரு கூர்மையான வளைவு, அகலமான வாசல், தப்பினால் தப்பிப் போக ஓர் ஓடுபாதை.

ஓடுபாதையைச் சும்மா சொல்லவில்லை. இடமில்லாத இடத்தில் முந்தப் போனால் என்ன ஆகும் என்பதை நம் சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் காரிலேயே பார்த்தோம். 2010 மொனாக்கோ, பந்தயம் முடியச் சில சுற்றுகளே மிச்சம். ரஸ்காஸ் வளைவில் சந்தோக்கை முந்த முயன்ற யார்னோ ட்ரூலியின் லோட்டஸ், சந்தோக்கின் காருக்கு மேலேயே ஏறிவிட்டது. தலைக்கு அருகே ஒரு காரின் அடிப்பாகம். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேக வித்தியாசம் ட்ரூலிக்கு இருந்தது. அதைக் காட்ட இடம்தான் இல்லை.

இடம் கொடுக்க முடியாத ஊரில் விதியால் வித்தியாசம் உண்டாக்கலாம் என்பது இன்னொரு வழி. 2025இல் மொனாக்கோவுக்கு மட்டும் குறைந்தது மூன்று செட் டயர் போட்டே தீர வேண்டும், அதாவது இரண்டு முறையாவது பிட்டுக்குள் போக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நடந்ததைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ரேசிங் புல்ஸ் அணி தன் ஓட்டுநர் லாசனை வேண்டுமென்றே மெதுவாக ஓட்ட வைத்து, பின்னால் வந்தவர்களை அடைத்து, முன்னால் போன தன் இன்னோர் ஓட்டுநர் ஹஜாருக்குப் பிட் நிறுத்தத்துக்கான இடைவெளியை உண்டாக்கிக் கொடுத்தது. வில்லியம்ஸும் தன் இரண்டு ஓட்டுநர்களை வைத்து அதையே செய்தது. பொறுமை இழந்த ரஸ்ஸல், தண்டனை வந்தாலும் பரவாயில்லை என்று சிக்கேனைக் குறுக்கே வெட்டி வில்லியம்ஸின் ஆல்பனைத் தாண்டினார். அவருக்குப் பிட் பாதை வழியாக ஓட்டிப்போகும் தண்டனை கிடைத்தது. முந்த முடியாத தெருவில் நிறுத்தங்களை மட்டும் கூட்டினால், மெதுவாகப் போகிறவருக்கே பலம் சேர்கிறது. பூட்டிய வீட்டுக்கு இன்னொரு பூட்டு.

அதற்கு முந்திய மருந்து டிஆர்எஸ். 2011இல் வந்து 2025 வரை இருந்தது. ஒரு விநாடிக்குள் பின்னால் வந்தால், குறித்த நேர்பாதையில் பின் இறக்கையைத் திறந்துகொள்ள விட்டார்கள். முன்னால் இருப்பவருக்கு அந்த உரிமை இருக்கவில்லை. பல சர்க்யூட்டுகளில் அது முந்துவதை நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவது மாதிரி ஆக்கிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, பிரேக் போடும் இடத்துக்கு முன்பே காரியம் முடிந்துவிடும். மொனாக்கோவிலோ அதைத் திறந்து மூடுவதற்குள் நேர்பாதையே முடிந்துவிடும். தேவைப்படாத இடத்தில் அதிகமாகவும், தேவைப்பட்ட இடத்தில் உதவாமலும் போன மருந்து. அமெரிக்க இண்டிகார் தெருப் பந்தயங்களில் இருப்பது எனக்கு இதைவிட நியாயமாகத் தெரிகிறது. பந்தயத்துக்கு இத்தனை விநாடி என்று கூடுதல் எஞ்சின் பலத்தை அளந்து கொடுத்துவிடுவார்கள். முந்தவும் செலவழிக்கலாம், முந்தவிடாமல் தடுக்கவும் செலவழிக்கலாம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். மாதக் கடைசிச் சம்பளக் கணக்கு மாதிரி, யார் எங்கே செலவழித்தார் என்பதில் பந்தயம் இருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விடை மின்சாரக் கார்களிடம் கிடைத்தது. 2023 பிப்ரவரி 11, ஹைதராபாத். ஹுசேன் சாகர் ஏரிக்கரைத் தெருக்களில் ஃபார்முலா இ. தம்பியும் நானும் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போனோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் மற்ற சத்தமெல்லாம் கேட்டது. டயர் கதறுவது, கார் கான்கிரீட் சுவரை உரசுவது, மோட்டாரின் கூர்மையான ஊளை. இந்தக் கார்களின் அகலம் 1.7 மீட்டர். அதைவிட முக்கியம், பேட்டரியில் இருக்கும் மின்சாரம் முழு வேகத்தில் ஓட்டினால் கடைசிவரை வராது. ஆகவே முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழிக்க அதிகம் செலவழிக்கிறார். பின்னால் வருகிறவர் மிச்சம் பிடிக்கிறார். முன்னால் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது! அதோடு 'அட்டாக் மோட்' என்று ஒன்று. கூடுதல் பலம் வேண்டுமானால் வழக்கமான பாதையை விட்டு வெளி ஓரத்துக்குப் போய், குறித்த கட்டத்துக்கு மேல் ஓட்டிவிட்டு வர வேண்டும். அதில் ஓரிரு இடம் இழக்கலாம், பிறகு மீட்கலாம்.

அன்றைக்கு ஹேர்பினில் ஜாகுவார் அணியின் இரு கார்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஸ்டாண்டே எழுந்து நின்றது. கடைசிச் சுற்றுகளில் முதலிடத்தில் இருந்த வெர்ன்யுக்கு மின்சாரம் குறைவு, பின்னால் வந்த கேசிடிக்கு அதிகம். வெர்ன்யு ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்தை மூடி, நேர்பாதையில் மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவழித்து, ஜெயித்தார். கேசிடி முந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு பிரேக்கிலும் முந்திவிடுவாரோ என்று தம்பி என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான். அந்த நசுக்கல்தான் பந்தயம் என்று நான் நம்புகிறேன்.

முந்தல்களின் எண்ணிக்கையை வைத்துப் பந்தயத்தை அளப்பதை நான் ஏற்காததற்குக் காரணமும் அதுதான். 1992 மொனாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றிருந்த மான்செல், முதல் சுற்றிலிருந்து முன்னால். எழுபது சுற்று தாண்டிய நிலையில் சக்கரத்தில் கோளாறு என்று சந்தேகப்பட்டுப் பிட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது சென்னா சுமார் ஐந்து விநாடி முன்னால். புது டயரில் மான்செல் பறந்து வந்து பிடித்தார். கடைசிச் சுற்றுகளில் அந்த வில்லியம்ஸ் கார் இடதும் வலதுமாகச் சென்னாவின் பின்னால் அலைபாய்ந்தது. முடியவில்லை. வித்தியாசம் விநாடியில் வெறும் பத்தில் இரண்டு பங்கு. அங்கே ஒரு முந்தலும் நடக்கவில்லை, இருந்தும் முப்பது வருடம் கழித்து நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024இல் வெர்ஸ்டாப்பன் ரஸ்ஸலுக்குப் பின்னால் இருந்ததும் வெளிப்பார்வைக்கு அதே காட்சிதான். ஆனால் மான்செல் எங்காவது நுழைந்துவிடுவார் என்று சென்னாவும் நம்பினார், பார்த்தவர்களும் நம்பினார்கள். 2024இல் யாரும் நம்பவில்லை. நான் கேட்பது அந்த நம்பிக்கையை, அதிகமாக ஒன்றும் இல்லை.

2026 விதிகள் அந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. கார் 1.9 மீட்டர் அகலம், முன் பின் சக்கர இடைவெளியில் 20 சென்டிமீட்டர் குறைவு, எடையில் சுமார் 30 கிலோ குறைவு. டிஆர்எஸ் போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஒரு விநாடிக்குள் பின்தொடர்கிறவருக்குக் கூடுதல் மின்சார பலம். மொனாக்கோவில் பத்து சென்டிமீட்டரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, பாதையும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும் என்பது என் பதில். முன்னாள் ஓட்டுநர் அலெக்ஸ் வுர்ஸ் 2025இல் ஒரு யோசனை சொன்னார். சுரங்கத்துக்குப் பிறகு வரும் சிக்கேனைச் சுமார் 80 மீட்டர் தள்ளி வைத்து, ஹேர்பினிலும் ரஸ்காஸிலும் ஓரத்தைச் சற்றே திருத்துங்கள் என்று. ஊரை இடிக்க வேண்டாம், கடலைத் தூர்க்க வேண்டாம். நேர்பாதை 80 மீட்டர் கூடினால் காற்று நிழலும் வேகமும் கூடும், பிரேக் போடும் இடத்துக்கு ஒரு பொருள் வரும்.

இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். பட்டறை இப்போது வாடகைக்குப் போய்விட்டது, அதனால் மொட்டை மாடியில்தான் சாக்பீஸ். சுரங்கத்தை வரைந்தார், இறக்கத்தை வரைந்தார், சிக்கேனை இப்போது இருக்கும் இடத்தில் வரைந்து, செருப்பால் தேய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி வரைந்தார். பிறகு இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார். பின்னால் இருந்ததை மெல்ல வெளியே இழுத்து, முன்னதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்போ இடம் இருக்கு. நீ உள்ளே போவியா, வெளியே நிப்பியா?" என்று கேட்டார். தம்பி உள்ளே என்றான். நான் வெளியே என்றேன். மழை வந்து கோடுகளை அழிக்கும்வரை மூன்று பேரும் தீப்பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம்.